மாநிலச் சட்டமன்றங்கள் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்த காலம்

1789-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாளன்று நியூயார்க் நகரத்து வால் வீதியில் மக்கள் வெள்ளமெனத் திரண்டிருந்தனர். ஃபெடரல் மண்டபத்தின் மேல்மாடத்தில் நின்று, ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் ஜனாதிபதியாகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். பிரமாணம் செய்வித்தவர் நியூயார்க் மாநிலத்தின் நீதித்துறைப் பேரதிகாரியாகிய ராபர்ட் லிவிங்ஸ்டன். நகரம் நியூயார்க், மண்டபம் நியூயார்க், பிரமாணம் செய்வித்தவரும் நியூயார்க் மாநிலத்தவர். ஆனால் அதே மண்டபத்தில் கூடியிருந்த செனட் சபையில் அம்மாநிலத்தின் பெயரால் அமர்ந்திருந்தவர் ஒருவரும் இலர். வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்த 69 தேர்வாளர்களுள்ளும் நியூயார்க்கைச் சேர்ந்தவர் ஒருவரும் இலர். கல்யாண வீட்டுக்காரருக்கே பந்தியில் இலை இல்லாமற்போனது போன்ற நிலை அது.

அந்நிலை எவ்வாறு நேர்ந்தது, அதுபோன்ற நிலை பின்னரும் வேறு மாநிலங்களுக்கு ஏன் நேர்ந்தது என்பதைச் சிறிது விரிவாகக் கூற விரும்புகிறேன். இன்று அமெரிக்க செனட்டர்களை மாநில மக்களே நேராக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். 1789 முதல் 1913 வரை, ஏறக்குறைய ஒன்றேகால் நூற்றாண்டுக் காலம், சட்டப்படி அந்த உரிமை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களிடமே இருந்தது. மக்கள் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பர். அவர் சென்று செனட்டரைத் தேர்ந்தெடுப்பார்.

இந்த ஏற்பாடு 1787-ஆம் ஆண்டுக் கோடையில் பிலடெல்பியாவில் கூடிய அரசியல் நிர்ணய மாநாட்டில் பிறந்தது. செனட்டர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் வாதாடினார். ஜூன் 7-ஆம் நாள் வாக்கெடுத்தபொழுது அவருடைய மாநிலம் ஒன்றுதான் அவர் பக்கம் நின்றது. மற்றப் பத்து மாநிலங்களும் எதிர்த்தன. அதே நாளில் டெலாவேர் மாநிலத்துப் பிரதிநிதி ஜான் டிக்கின்சன் கொண்டுவந்த தீர்மானம், அதாவது செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது, எதிர்ப்பின்றி நிறைவேறியது. மாநிலத்தின் கருத்தை அறிவதற்கு மாநில அரசாங்கமே தக்க வாயில் என்பது டிக்கின்சன் கருத்து. பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையைப்போல் செல்வமும் செல்வாக்கும் உடையோர் அமரும் அவையாக அது விளங்கவேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. மைய அரசாங்கம் மாநிலங்களை விழுங்கிவிடாதபடி தற்காத்துக்கொள்ள மாநிலச் சட்டமன்றங்களுக்கு ஒரு பிடி வேண்டும் என்றார் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன். இவ்வாதங்களில் பொருள் இல்லையென்று சொல்வதற்கில்லை. பதின்மூன்று தனித்தனிக் குடியரசுகளாக இருந்தவை ஒன்றாகச் சேரும்பொழுது, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு காவலைத் தேடியது இயல்பே.

இவ்வாறு எழுதப்பட்ட அரசியல் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள் என்றும், அவர்கள் அம்மாநிலத்துச் சட்டமன்றத்தால் ஆறாண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர் என்றும் கூறியது. எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைக் கூறவில்லை. தேர்தலின் காலம், இடம், முறை ஆகியவற்றை மாநிலச் சட்டமன்றமே வகுத்துக்கொள்ளலாம். காங்கிரஸ் வேண்டுமாயின் சட்டமியற்றி அவற்றை மாற்றலாம், செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தை மட்டும் மாற்றலாகாது என்று விட்டுவிட்டது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இத்தகைய சொற்களைக் கண்டால் ஓர் அச்சம் உண்டு. சட்டமன்றம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். ஆனால் சட்டமன்றத்தில் மேற்சபை ஒன்றும் கீழ்ச்சபை ஒன்றும் இருக்குமானால், அச்சொல் எதைக் குறிக்கும்? இரு சபையினரும் ஓரிடத்தில் கூடித் தலைக்கு ஒரு வாக்கு அளிப்பதா? அல்லது மசோதாவை நிறைவேற்றுவதுபோல் ஒவ்வொரு சபையும் தனித்தனியே ஒப்புக்கொள்ள வேண்டுமா? முதல் முறையில் தலைகள் மிகுந்த கீழ்ச்சபை வெல்லும். இரண்டாம் முறையில் சிறிய மேற்சபையும் பெரிய கீழ்ச்சபைக்குச் சமமாகிவிடும். ஒரு சொல்லின் பொருளைப் பற்றிய இந்த ஐயத்துக்குள்ளேதான் பல செனட்டர்களின் நாற்காலிகள் காணாமற்போயின.

நம் நாட்டின் அரசியல் சட்டத்தை வரைந்தவர்கள் இந்த இடத்தில் விழிப்பாக இருந்தனர். மாநிலங்களவைக்குரிய பிரதிநிதிகளை மாநிலச் சட்டப்பேரவையின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டும், ஒற்றை மாற்று வாக்கு வழியிலான விகிதாசார முறைப்படி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 80-ஆவது பிரிவு வரையறுக்கிறது. மும்பையிலோ பெங்களூரிலோ வாழும் நேயர்கள், அங்கே சட்டமன்ற மேலவையும் இருப்பதை அறிவர். ஆயினும் அந்த மேலவை உறுப்பினர்களுக்கு இத்தேர்தலில் வாக்கில்லை. தமிழகத்தில் 1986 வரை இருந்த மேலவைக்கும் இதே நிலைதான். எந்தச் சபை, எந்த உறுப்பினர், எந்த முறை என்ற மூன்று கேள்விக்கும் ஒரே வாக்கியத்தில் விடை. 1787-ஆம் ஆண்டின் பிலடெல்பியாவில் அந்த வாக்கியம் எழுதப்படவில்லை.

முதன்முதலாகச் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்த மாநிலம் பென்சில்வேனியா. 1788 செப்டம்பர் 30-ஆம் நாள் வில்லியம் மக்ளே, ராபர்ட் மாரிஸ் என்ற இருவரை அது தேர்ந்தெடுத்தது. அங்கே அப்பொழுது ஒரே ஒரு சபைதான். ஆகவே வழக்கு எழ வழியில்லை. நியூஜெர்சியில் இரு சபைகளும் ஒன்றாகக் கூடி வாக்களித்தன. மாசசூசெட்ஸில் தனித்தனியே வாக்களித்து, ஒரு சபை சொன்ன பெயரை மற்றொரு சபை ஒப்ப மறுத்து, இறுதியில் ஒருவாறு உடன்பாட்டுக்கு வந்தன.

வர்ஜீனியாவில் நடந்ததைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அரசியல் சட்டத்துக்கு உருக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் அம்மாநிலத்தின் ஜேம்ஸ் மேடிசன். மாநிலங்களுக்குச் செனட்டில் சமமான இடம் தருவதை அவர் கடைசிவரை எதிர்த்தவர். வர்ஜீனியா மாநாடு புதிய அரசியல் சட்டத்தை 89-க்கு 79 என்ற வாக்குக் கணக்கில் ஏற்றுக்கொண்டது 1788 ஜூன் மாதத்தில். அந்த மாநாட்டில் அவரோடு மல்லுக்கு நின்றவர் பேட்ரிக் ஹென்றி. நாவன்மையில் அவருக்கு நிகர் அந்நாளில் அமெரிக்காவில் அரிது. மாநாட்டில் தோற்றவர், மாநிலச் சட்டமன்றத்தில் தோற்கவில்லை. அங்கே பெரும்பான்மை அவர் கைக்குள் இருந்தது. நவம்பர் மாதம் செனட்டர் தேர்தல் வந்தபொழுது, புதிய ஏற்பாட்டில் ஐயங்கொண்ட ரிச்சர்டு ஹென்றி லீ, வில்லியம் கிரேசன் ஆகிய இருவரையும் ஹென்றி முன்னிறுத்தினார். மேடிசனைச் செனட்டுக்கு அனுப்பினால் அவர் அரசியல் சட்டத்தில் எந்தத் திருத்தமும் செய்யவிடமாட்டார் என்பது ஹென்றியின் வாதம். வாக்குகள் எண்ணப்பட்டன. லீக்கு 98; கிரேசனுக்கு 86; மேடிசனுக்கு 77. வீட்டைத் திட்டமிட்டவருக்கு மேல்மாடியில் இடமில்லை என்றாயிற்று.

மேடிசன் மக்களிடம் சென்றார். பிரதிநிதிகள் சபைக்கு மக்கள் நேராக வாக்களிக்கும் தேர்தலில் நின்றார். அங்கேயும் ஹென்றியின் கை நீண்டிருந்தது. மேடிசனுடைய ஆரஞ்சு மாவட்டத்தைப் புதிய அரசியல் சட்டத்தை எதிர்க்கும் மாவட்டங்களோடு சேர்த்துத் தொகுதி வகுத்திருந்தனர். எதிர்த்து நின்றவர் அவருடைய நண்பரே ஆகிய ஜேம்ஸ் மன்றோ. பின்னாளில் இவ்விருவருமே ஜனாதிபதிகளானார்கள். கடுங்குளிர் காலம். ஒரு தேவாலயத்தில் இருவரும் வாதிட்டுவிட்டு இரவில் குதிரையேறித் திரும்புகையில், மேடிசனின் மூக்கில் பனிக்கடி ஏற்பட்டது. முதுமையிலும் அதன் வடுவைக் காட்டி அவர் பேசுவதுண்டாம். அவர் வாக்காளர்களுக்கு ஓர் உறுதி கூறினார்: சமயச் சுதந்திரம் முதலான அடிப்படை உரிமைகளைக் காக்கும் திருத்தங்களைத் தாமே கொண்டுவருவதாக. 1789 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் 1,308 வாக்குப் பெற்று வென்றார், மன்றோவுக்கு 972.

சொன்ன சொல்லைக் காத்தார். 1789 ஜூன் 8-ஆம் நாள் பிரதிநிதிகள் சபையில் உரிமைத் திருத்தங்களை முன்வைத்தார். அச்சபை 17 திருத்தங்களை ஏற்றுச் செனட்டுக்கு அனுப்பியது. செனட் அவற்றைச் சுருக்கிக் கோத்து 12 ஆக்கியது. அவற்றுள் 10 மட்டும் 1791 டிசம்பர் 15-ஆம் நாள் நிலைபெற்றன. அமெரிக்க உரிமைச் சாசனம் என்று உலகம் போற்றுவது இந்தப் பத்தையே. செனட் நீக்கியவற்றுள் ஒன்று, மனச்சாட்சியின் சுதந்திரத்திலும் பத்திரிகைச் சுதந்திரத்திலும் ஜூரி விசாரணையிலும் மாநில அரசாங்கங்களும் கைவைக்கலாகாது என்பது. எல்லாவற்றிலும் அதுவே உயர்ந்தது என்று மேடிசன் கருதியிருந்தார். மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்பிவைத்தவர்கள் கூடிய அவையில், மாநிலங்களின் கையைக் கட்டும் அந்த ஒன்று உதிர்ந்துபோனதில் வியப்பில்லை. ஹென்றி அன்று சட்டமன்றத்தில் மேடிசனைத் தோற்கடித்திராவிட்டால், அவர் கதவடைத்துக் கூடிய செனட்டில் அமர்ந்திருப்பார். பனியில் ஊர் ஊராகச் சென்று அந்த வாக்குறுதியைத் தந்திருக்கவும் மாட்டார் என்றே நான் எண்ணுகிறேன்.

புதிய காங்கிரஸ் கூடுவதற்குக் குறித்த நாள் 1789 மார்ச் 4. அன்று நியூயார்க்கில் வந்து சேர்ந்திருந்த செனட்டர்கள் எண்மர்தாம். நியூயார்க்கையும் சேர்த்து அரசியல் சட்டத்தை அதற்குள் ஏற்றிருந்த மாநிலங்கள் பதினொன்று. அவற்றுக்குரிய செனட்டர்கள் 22 பேர். அவை நடத்தக் கோரம் 12. ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து, ஏப்ரல் 6-ஆம் நாள் பன்னிரண்டாமவர் வந்து சேர்ந்தபின்னரே அவை தொடங்கிற்று. அந்தப் பன்னிரண்டாமவர், மேடிசனுக்குப் பதிலாக வர்ஜீனியா அனுப்பிய ரிச்சர்டு ஹென்றி லீ.

தலைநகராக இருந்த நியூயார்க்கின் நாற்காலிகள் மட்டும் ஏன் காலியாக இருந்தன? அம்மாநிலத்துச் சட்டமன்றம் 1788 டிசம்பர் முதல் ஆல்பெனி நகரில் கூடியது. கீழ்ச்சபையில் புதிய அரசியல் சட்டத்தின் எதிர்ப்பாளர்கள் மிகுதி. மேற்சபையில் ஆதரவாளர்கள் மிகுதி. கவர்னர் ஜார்ஜ் கிளின்டன் எதிர்ப்பாளர்களின் தலைவர். இரு சபையும் தனித்தனியே பெயர் குறிக்கட்டும், ஒத்துவராவிட்டால் சேர்ந்து கூடி வாக்களித்து முடிப்போம், பழைய காங்கிரசுக்குப் பிரதிநிதிகளை அப்படித்தானே அனுப்பினோம் என்றது கீழ்ச்சபை. சேர்ந்து கூடினால் தம் குரல் கரைந்துபோகும் என்பதை மேற்சபையினர் நன்கறிவர். ஒவ்வொரு சபைக்கும் மறுக்கும் உரிமை உண்டு, அதை விட்டுக்கொடோம் என்றனர் அவர்கள். ஜனாதிபதித் தேர்வாளர்களை நியமிப்பதிலும் இதே பிணக்கு. ஜனவரி கழிந்தது, தேர்வாளர்களுக்குக் குறித்த நாள் கடந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் சட்டமன்றம் ஒன்றும் முடிவு செய்யாமலே கலைந்தது. இருவருக்கும் தத்தம் கட்சியே பெரிதாயிற்று. நியூயார்க்கின் குரல் என்று ஒன்று இல்லாமற்போவதைப் பற்றி இருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வாஷிங்டன் பதவியேற்ற நாளில் கண்ட காட்சியின் காரணம் இதுவே.

முடிச்சை அவிழ்த்தவர்கள் வாக்காளர்கள். அந்த வசந்த காலத் தேர்தலில் கீழ்ச்சபையும் ஆதரவாளர்கள் கைக்கு வந்தது. இரு சபையும் ஒரே கட்சியானதும் முறை பற்றிய சண்டை தானே அடங்கிவிட்டது. ஜூலை மாதத்தில் பிலிப் ஸ்கைலரும் ரூஃபஸ் கிங்கும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஸ்கைலர், அலெக்சாண்டர் ஹாமில்டனின் மாமனார். கிங், பிலடெல்பியா மாநாட்டுக்கு மாசசூசெட்ஸின் பிரதிநிதியாகச் சென்றவர். நியூயார்க்கில் குடியேறிச் சில காலமே ஆகியிருந்தது. பிறந்த மாநிலத்தை விட்டு வேற்று மாநிலத்தில் வாழ்வோருக்கு இச்செய்தி ஒரு மகிழ்ச்சியைத் தரலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே செல்வாக்குடன் வாழ்ந்த லிவிங்ஸ்டன் குடும்பத்தாருக்கு அது மகிழ்ச்சியளிக்கவில்லை.

செனட்டில் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாண்டுக்கு ஒருமுறை விலகவேண்டும் என்பது விதி. நம் மாநிலங்களவையிலும் அவ்விதியே உள்ளது. முதல் செனட்டில் யார் முதலில் விலகுவது என்பதைத் திருவுளச்சீட்டு எடுத்தே முடிவு செய்தனர். ஸ்கைலருக்கு வந்தது இரண்டாண்டுச் சீட்டு. 1791 ஜனவரியில் மீண்டும் சட்டமன்றத்தின் முன் நின்றபொழுது அவரை விலக்கிவிட்டு ஆரன் பர் என்பவரைத் தேர்ந்தெடுத்தனர். மனக்கசப்புற்ற லிவிங்ஸ்டன் குடும்பத்தாரும் கிளின்டன் கட்சியாரும் அதில் கைகோத்திருந்தனர். மாமனாரின் நாற்காலியைப் பறித்தவர்மீது ஹாமில்டன் கொண்ட பகை வளர்ந்தது. 1804-இல் பர்ருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஹாமில்டன் உயிரிழந்தார். பகைக்கு வேறு காரணங்களும் உண்டு எனினும், அதன் முதல் விதைகளுள் ஒன்று நியூயார்க் சட்டமன்றத்தின் இந்த வாக்கெடுப்பில் விழுந்தது.

இதற்குள் தலைநகர் பிலடெல்பியாவுக்கு மாறியிருந்தது. அதனுடன் நோயும் மாறி வந்தது என்று சொல்லவேண்டும். பென்சில்வேனியாவின் மக்ளேக்கும் இரண்டாண்டுச் சீட்டே கிடைத்திருந்தது. ஆடம்பரப் பட்டங்களை வெறுத்த கண்டிப்பான மனிதர் அவர். செனட் தொடக்க ஆண்டுகளில் கதவடைத்தே கூடியதால், அவர் நாள்தோறும் எழுதிவைத்த நாட்குறிப்பே அங்கு நடந்த விவாதங்களை அறிய நமக்குள்ள சிறந்த சான்று. 1791 மார்ச்சில் அவர் பதவிக்காலம் முடிந்தது. ஒரே சபையாக இருந்த மாநிலச் சட்டமன்றம், 1790-இல் இயற்றிய புதிய மாநில அரசியல் சட்டத்தால் இரண்டு சபையாகிவிட்டது. உடனே அதே கேள்வி: சேர்ந்து வாக்களிப்பதா, தனித்தனியா? கீழ்ச்சபை ஒரு பக்கம், மேற்சபை மறுபக்கம். தேசத்தின் செனட் தன் நகரத்திலேயே கூடிக்கொண்டிருக்க, பென்சில்வேனியாவின் ஒரு நாற்காலி ஏறக்குறைய இரண்டு ஆண்டுக் காலம் வெறுமையாகக் கிடந்தது.

1793 பிப்ரவரியில் ஒருவழியாக ஆல்பர்ட் காலட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஜெனீவாவில் பிறந்து 1780-இல் அமெரிக்கா வந்தவர். ஒன்பதாண்டுக் காலம் குடியுரிமை பெற்றவராக இருந்தால்தான் செனட்டராகலாம் என்பது சட்டம். அவ்வளவு காலம் நிரம்பவில்லை என்று சிலர் முறையிட, 1794 பிப்ரவரி 28-இல் 14-க்கு 12 என்ற வாக்கில் செனட் அவர் தேர்தலைச் செல்லாதென்றது. அவ்விசாரணைக்காகச் செனட் தன் கதவை முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திறந்தது. காலட்டினோ பின்னர் 12 ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டின் நிதி மந்திரியாக விளங்கினார்.

நாற்காலி நிரம்பியபின்பும் சட்டமன்றத்தின் பிடி தளர்ந்துவிடவில்லை. மாசசூசெட்ஸின் ஜான் குவின்சி ஆடம்ஸ், வெளிநாட்டு வாணிகத் தடைச் சட்டத்தை ஆதரித்தார் என்பதற்காக, அவருடைய பதவிக்காலம் முடிய ஒன்பது மாதம் இருக்கும்பொழுதே 1808-இல் மாநிலச் சட்டமன்றம் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவர் உடனே பதவியைத் துறந்தார்.

முறையை வகுக்கும் அதிகாரம் தனக்கு இருந்தும், காங்கிரஸ் அதைப் பயன்படுத்த 1866 வரை காத்திருந்தது. அவ்வாண்டுச் சட்டப்படி முதலில் இரு சபையும் தனித்தனியே வாய்மொழியாக வாக்களிக்கவேண்டும். ஒத்துவராவிட்டால் மறுநாள் சேர்ந்து கூடி, ஒருவருக்குப் பெரும்பான்மை கிடைக்கும்வரை நாளுக்கு ஒருமுறையேனும் வாக்களிக்கவேண்டும். பழைய ஐயம் தீர்ந்தது. புதிய தொல்லை பிறந்தது. பெரும்பான்மை கிடைக்காதபடி தடுக்க ஒரு சிறு கூட்டம் உறுதியாக நின்றால் போதும். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் வாக்கெடுப்பே நடந்துகொண்டிருக்கும். மாநிலத்தின் வேறு வேலைகள் கிடப்பில் கிடக்கும். தயங்கும் வாக்குக்கு விலை ஏறுவதும் இயல்புதானே? மொன்டானா மாநிலத்தில் 1899-இல், செப்புச் சுரங்கச் செல்வர் வில்லியம் கிளார்க்கின் தேர்தலுக்காகக் கொடுக்கப்பட்டது என்று கூறி, 30,000 டாலர் அடங்கிய உறைகளைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அவையிலேயே எடுத்துக்காட்டினார். கிளார்க் அப்படியிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டார். செனட்டில் விசாரணை முற்றியபொழுது 1900-இல் பதவி விலகினார். 1901-இல் அதே மாநிலத்துச் சட்டமன்றம் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பியது!

எல்லாவற்றிலும் மோசமான நிலை டெலாவேருக்கு வந்தது. எரிவாயுத் தொழிலில் பொருள் திரட்டிய எட்வர்டு ஆடிக்ஸ் என்பவர் செனட்டராகியே தீருவது என்று நின்றார். அவருக்கு வேண்டியவர்கள் பிறரை வரவிடவில்லை; வேண்டாதவர்கள் அவரை வரவிடவில்லை. 1899-இல் ஒரு நாற்காலி காலியாயிற்று. 1901 மார்ச்சில் மற்றொன்றும் காலியாயிற்று. 1903 மார்ச் வரை, முழுதாக இரண்டு ஆண்டுகள், அமெரிக்க செனட்டில் டெலாவேருக்கு ஒரு பிரதிநிதியும் இல்லை. ஆடிக்ஸ் கடைசிவரை செனட்டராகவில்லை.

ஜேம்ஸ் வில்சன் கேட்டு மறுக்கப்பட்டதை மக்கள் மீண்டும் கேட்கத் தொடங்கியிருந்தனர். செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்க வழிசெய்யும் 17-ஆவது திருத்தத்தைக் காங்கிரஸ் 1912 மே மாதத்தில் நிறைவேற்றியது. வேண்டிய அளவு மாநிலங்கள் 1913 ஏப்ரல் 8-க்குள் ஒப்புதல் அளித்தன. 1914 நவம்பரில் நாடு முழுவதும் அம்முறைப்படி பொதுத் தேர்தல் நடந்தது. டிக்கின்சனின் மாநிலமாகிய டெலாவேரின் சட்டமன்றம், தன் இரு நாற்காலிகளும் வெறுமையாகக் கிடந்த அந்நாட்களைக் கண்டபின்னும், 1913 மார்ச்சில் அத்திருத்தத்தை நிராகரித்தது. அது தன் ஒப்புதலைப் பதிவு செய்தது 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்.